கட்டம் போட்ட கைலி



2025 ஆகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி. அஸர் தொழுதுவிட்டு மதரஸாவுக்குப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். குத்தம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்த இளைஞனின் முதுகில் அவனைவிடப் பருமனான ஒரு பை. தலைக்கவசத்தைக் கழற்றியதும் முகம் தெரிந்தது. பூந்தமல்லிப் பக்கத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில், சின்ன வயதில் என்னிடம் யஸ்ஸர்னல் குர்ஆன் ஓதிய பிள்ளை!

"ஸலாம் ஹஜ்ரத். தம்பி பேருக்கு ஒரு பார்சல்" என்று ஒரு நெகிழிப் பையை நீட்டினான். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நாளொன்றுக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறாய் என்று வினவினேன்.

"70, 80 இருக்கும் ஹஜ்ரத். பண்டிகை வந்தா 100க்கு மேல போகும்."

"என்ன சாமான் அதிகம்?"

"துணிதான் ஹஜ்ரத். கொண்டுபோய்க் கொடுக்கிறதும் துணி, திருப்பி வாங்கிட்டு வர்றதும் துணி."

அவன் சிரித்துக்கொண்டே சொல்லிச் சென்ற அந்த வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது.

ஆடையைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதத் தொடங்கினால் அவர் என்ன எழுதுவார் என்பதை வாசகர்கள் முன்கூட்டியே ஊகித்திருப்பீர்கள். பெண்களின் பர்தா, ஆண்களின் கரண்டைக்கால், இளைஞர்களின் தலைமுடி என்று வரிசையாக வரும். அவற்றை எழுத என்னினும் தகுதி வாய்ந்த ஆலிம் பெருமக்கள் இருக்கின்றார்கள். நான் இங்கு எழுத முற்பட்டது ஒரு கைலியைப் பற்றி. அதைவிட, அந்தக் கைலியின் முன் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி.

முன்பெல்லாம் எங்கள் பகுதியில் துணி எடுப்பது ஒரு பயணம். சாதாரண நாளில் பூந்தமல்லிக் கடைத்தெரு. பெருநாள் என்றால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு அல்லது தியாகராய நகர் ரங்கநாதன் தெரு. பிள்ளைகள் மூவருக்கும் ஒரே தானில் வெட்டிய சட்டை. இப்போது நெடுஞ்சாலை ஓரத்து வயல்களில் பெரும் கிடங்குகள் எழுந்துவிட்டன. புறநகர்ப் பேருந்து நிலையப் பணி தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர் மனை விலையும் உயரத்தில் நிற்கிறது. கடையோ கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பிளிப்கார்ட், மிந்த்ரா ஆகிய இரண்டும் 2007இல் பெங்களூரில் தோன்றியவை. பொருள் கைக்கு வந்தபின் பணம் தரலாம் என்ற முறையை பிளிப்கார்ட் 2010இல் கொண்டுவந்தது. வங்கி அட்டையே இல்லாத வீடுகளுக்கும் கதவு திறந்தது அப்போதுதான். 2014இல் மிந்த்ராவை பிளிப்கார்ட் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு தொடங்கப்பட்ட மீஷோ, குறைந்த விலைத் துணிகளோடு சிற்றூர்களுக்குள் நுழைந்தது.

இந்தக் கடைகளின் சாமர்த்தியத்தை ஒரு வியாபாரியின் மகன் என்ற முறையில் வியக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பெரிய விலையைப் போட்டு, அதன்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் சிறிய விலை. "இன்னும் இரண்டே உள்ளன" என்று ஓர் எச்சரிக்கை. நேற்று நீங்கள் ஒரு கணம் நின்று பார்த்த சட்டை, இன்று நீங்கள் செய்தி படிக்கும் இடத்திலும் வந்து நின்று உங்களைப் பார்க்கிறது. பழைய துணிக்கடைக்காரர் நம்மை ஒருமுறை கூப்பிடுவார். வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார். இதற்கு அந்த நாகரிகம் கிடையாது.

கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் மற்றொரு பழைய மாணவன் திரும்பி வரும் துணிகளைப் பற்றி ஒருமுறை கூறினான். அளவு சரியில்லை, நிறம் படத்தில் பார்த்ததுபோல் இல்லை என்பன மெய்யான காரணங்கள். ஒருமுறை உடுத்திப் படம் எடுத்துக்கொண்டு, அத்தர் வாசனையோடு திருப்பி அனுப்பப்படுபவையும் உண்டாம். அத்தர் வாசனை என்று அவன் சொன்னபோது என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தான். நானும் வேறு பக்கம் பார்த்தேன்.

இனி அந்தப் பார்சலுக்கு வருவோம். என் மகனுக்கு வயது 19. நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈட்டிய காசில்தான் அதை வாங்கியிருந்தான். ஆகவே செலவைக் காட்டிக் கண்டிக்க எனக்கு வழியில்லை. எதற்காக இந்தப் புதுச் சட்டை என்று கேட்டேன்.

1639 ஆகஸ்ட் 22ஐ நகரின் பிறந்த நாளாகக் கொண்டு 2004 முதல் சென்னையில் ‘மெட்ராஸ் தினம்’ கொண்டாடி வருகிறார்கள் அல்லவா? அதையொட்டி, அவனுடைய வகுப்புத் தோழர்கள் சிலர் நகரத்து விடுதி ஒன்றின் மாடியில் சனிக்கிழமை மாலை விருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். வருகிறவர்கள் அனைவரும் ‘பழைய மெட்ராஸ்’ உடையில் வரவேண்டுமாம். வாசலிலேயே நிறுத்திப் படம் எடுப்பார்களாம். தரமணியில் 1995இல் தொடங்கப்பட்ட தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தைப் போன்ற இடங்களில் ஆடைக் கலை பயிலும் மாணவர்களும் வருவார்களாம். சிறந்த உடைக்குப் பரிசும் உண்டாம். ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகளை நான் கேட்டேன்; அவன் கூறிய பதில்கள் எனக்கு நிறைவளித்தன. இரவு 9 மணிக்குள் அங்கிருந்து புறப்பட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தேன். எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், போவதை நிறுத்தமாட்டார்கள் என்பது இத்தனை ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கண்டது.

தெரு நாகரிகம் என்றால் என்ன என்பதையும் அன்று அவன்தான் எனக்கு விளக்கினான். கடைக்காரர் பொம்மைக்கு மாட்டி வைத்ததைப் பார்த்து உடுத்துவது பழைய முறை. தெருவில் நடப்பவன் தன் மனம்போல் உடுத்தியிருப்பதைப் படம் பிடித்து, அதைப் பார்த்து உலகம் உடுத்துவது புதிய முறை. சான்றாகக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். யாரோ ஓர் இளைஞன். காலில் வெள்ளைக் காலணி, மேலே கோட்டு, இடுப்பில் நீலக் கட்டம் போட்ட கைலி! கடற்கரைச் சுவரில் சாய்ந்து நிற்கிறான். "எத்தனை ஆயிரம் பேர் விரும்பியிருக்காங்க பாருங்க அத்தா" என்றான்.

நான் அந்தக் கைலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்சலைப் பிரித்தோம். அரக்கு, நீலம், மஞ்சள் கட்டங்கள் கொண்ட சட்டை. கழுத்துப்பட்டியில் ‘மெட்ராஸ் செக்’ என்று எழுதியிருந்தது. கோடு கிழித்த விலை ரூ.1,799, கொடுத்த விலை ரூ.649. என் கை தானாகவே துணியின் கீழ் விளிம்பைப் பிடித்துப் புரட்டியது. உட்புறம் வெளிறிக் கிடந்தது. கட்டங்கள் மேலே மட்டுமே இருந்தன.

"இது நெய்த கட்டம் இல்லை, அச்சுக் கட்டம்" என்றேன்.

"எப்படித் தெரியும்?" என்று வியப்போடு கேட்டான்.

எப்படித் தெரியும்? என் அத்தா, மர்ஹூம், கைலி வியாபாரி. பாரிமுனைக் கோடவுன் தெருவில் டஜன் கணக்கில் கைலி எடுத்து, மிதிவண்டியின் பின்னால் மூட்டை கட்டி, திருமழிசை, வெள்ளவேடு, நேமம், குத்தம்பாக்கம் என்று ஊர் ஊராகத் தவணைக்கு விற்று எங்களை வளர்த்தார்கள். துணியைப் புரட்டிப் பார்ப்பது அவர்களின் முதல் சோதனை. பாவிலும் ஊடையிலும் சாய நூலை வைத்து நெய்த துணிக்கு உள்புறம், வெளிப்புறம் என்ற பேதம் இராது. இரு பக்கமும் ஒரே முகம். இரண்டாவது, நனைத்த கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்ப்பது. சாயம் ஒட்டினால், "முதல் இரண்டு தண்ணிக்கு வேற துணியோட போடாதீங்க" என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நூலின் நெருக்கத்தைப் பார்ப்பது. கடையில் விற்கும் கைலி இரண்டு மீட்டர் நீளத் துணிதான். அதன் இரு முனைகளையும் மூட்டினால்தான் கட்டலாம். மூட்டுவதற்கு ஒரு தையற்காரரையும் அத்தா ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். குறிஞ்சிப்பாடிக் கைலி எது, குடியாத்தத்துக் கைலி எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வார்கள். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்பு.

நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். பட்டம் பெற்றபின் அரபுக் கல்லூரியில் சேர்ந்து ஓதியது வேறு கதை. அந்த வரலாற்றுப் படிப்பு சோறு போடவில்லை என்றாலும், அத்தாவின் மறைவுக்குப் பின் அவர்கள் சுமந்த துணியின் பூர்வீகத்தைத் தேட வைத்தது. தேடிக் கண்டதைச் சிறிது கூற அனுமதியுங்கள்.

மலேசியாவில் உறவினர் உள்ள வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். அங்கு மலாய் முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்கு ‘கைன் பெலிகாட்’ என்று பெயர். இலங்கையில் ‘பளையகாட் சாரம்’ என்பார்கள். இந்த இரண்டு பெயர்களுக்குள்ளும் ஒளிந்திருப்பது நம்முடைய பழவேற்காடு. குத்தம்பாக்கம் இருக்கின்ற அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் அந்த மீனவ ஊர்தான். சுற்றுப்புற நெசவாளர்கள் நெய்த துணி அந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்களும் பிற வணிகர்களும் அதை மலாக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். 1610இல் டச்சுக்காரர்கள் அங்கு கால் பதித்தார்கள்; 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கப் பொன்னைவிட இந்தத் துணி பயன்பட்டது. அங்குள்ளவர்கள் விரும்பிக் கேட்டது இதைத்தான். அதே துறைமுகத்திலிருந்து டச்சுக்காரர்கள் நம் மக்களை அடிமைகளாகவும் கப்பலேற்றினார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வது வரலாறாகாது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் இந்தக் கட்டங்களைப் பார்த்து நெய்யத் தொடங்கி, அவற்றுக்கும் பழவேற்காட்டின் பெயரையே வைத்தார்கள். போலி இன்று நேற்று வந்ததன்று, பாருங்கள்!

இன்னும் மேற்கே செல்லுங்கள். நைஜீரியாவின் கடற்கரையில் களபாரி என்றொரு மக்கள். சென்னைக் கட்டத் துணியை அவர்கள் ‘இஞ்சிரி’ என்று அழைத்துத் தங்கள் குல மரபின் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பெண்கள் நம் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. ஊசியால் சில நூல்களை உயர்த்தி, கத்தியால் அறுத்து, உருவி எடுத்து, கட்டத்துக்குள் வேறொரு சித்திரத்தைப் பிறப்பித்தார்கள். நெய்து முடிந்த துணியில் நூலைக் கழித்து அழகு சேர்க்கும் வித்தை! அண்டையில் வாழும் இக்போ மக்களோ இந்தியத் துணியை ‘ஜார்ஜ்’ என்கிறார்கள். நம் ஜார்ஜ் கோட்டையின் பெயர்தான் அது.

மற்றொரு செய்தி என்னை வெகுவாகத் தொட்டது. 1786இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. அங்கு அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வாழ்ந்த ஆப்பிரிக்க வழிப் பெண்களின் எழிலும் அலங்காரமும் வெள்ளையர் கண்ணை உறுத்தின. அப்பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடித்தான் வெளியே வரவேண்டும் என்று ஆளுநர் மீரோ ஆணையிட்டார். அடிமைப் பெண்களைப் போலவே அவர்களும் காணப்பட வேண்டும் என்பது நோக்கம். அப்பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள். மதராஸ் கட்டத் துணியை வாங்கி, கிரீடம்போல் விதவிதமாகக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். இழிவுபடுத்தப் போட்ட துணி நகரத்தின் நாகரிகமாயிற்று. கரீபியன் தீவுகளான டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகியவற்றில் மதராஸ் துணி இன்றும் தேசிய உடையின் அங்கம். தெரு நாகரிகம் என்று என் மகன் சொன்னானே, அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே நம் துணி போய்ச் சேர்ந்திருக்கிறது.

1958ஆம் ஆண்டுக் கதையோ சிரிப்புக்குரியது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் இந்தத் துணியை வாங்கினார். குளிர்ந்த நீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், சாயம் இறங்கும் என்று நாயர் எச்சரித்தாராம். அந்த எச்சரிக்கை கடைக்கும் போகவில்லை, வாங்கியவர்களுக்கும் போகவில்லை. அங்கே துவைக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். வீட்டுத் துணியெல்லாம் வண்ணமாயிற்று. வழக்கு வரும் நிலை. கடைசியில் அந்தக் குறையையே நிறையாக்கி, ஒவ்வொரு சலவைக்கும் புதிய நிறம் காட்டும் அதிசயத் துணி என்று ‘செவன்டீன்’ பத்திரிகையில் எழுத வைத்தார்கள்; சாயம் கசிவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரமும் செய்தார்கள். அந்நாட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் புகழ்பெற்ற கல்லூரிகளில், கோடைகால விருந்துகளுக்கு மதராஸ் கட்டக் கோட்டு அணிந்து செல்வது 1960களில் ஒரு தகுதியின் அடையாளமாக இருந்தது. என் அத்தாவோ, "முதல் இரண்டு தண்ணிக்கு வேற துணியோட போடாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் கூறிவிட்டுத்தான் காசு வாங்கினார்கள்.

2018இல் ஸாரா என்ற ஸ்பானிய நிறுவனம் கட்டம் போட்ட ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்பனைக்கு வைத்தது. நம் கைலியே அது என்று உலகெங்கும் உள்ள நம்மவர்கள் நகைத்தார்கள். நானும் நகைத்தேன். ஆனால் அந்த நகைப்பு எனக்கு உள்ளே எங்கோ தைத்தது.

ஏன் என்று இப்போது கூறுகிறேன்.

1998ஆம் ஆண்டு. நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவன். பர்மா பஜாரில் வாங்கிய ஜீன்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. வாரத்தில் நான்கு நாள் அதுதான். கல்லூரி ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள், வாயிலருகே நண்பர்களோடு நின்றிருந்தேன். வெளியூர் ஆலை முதலாளியின் மகன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். எதிர்ச்சாரியில் பேருந்து நின்றது. அத்தா இறங்கினார்கள். கோடவுன் தெருவில் சரக்கு எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது தோளில் இருந்த மூட்டையிலேயே தெரிந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி, நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கைலி. தேர்வுக் கட்டணம் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். மாலை வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வான் என்று இராமல், கடைசி நாள் தப்பிவிடக் கூடாதே என்று நேரில் கொண்டுவந்திருந்தார்கள்.

"யார்டா அது, உன்னையே பார்த்துட்டு வர்றாரு?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்க ஊர்க்காரர். கைலி விக்கிறவர்" என்றேன்.

அத்தா அதற்குள் அருகில் வந்துவிட்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்ததா என்று நான் ஐயுறுவதற்கும் இடம் வைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து என்னிடம் நீட்டி, "தம்பி, உங்க அத்தா இதைக் கொடுக்கச் சொன்னாங்க. பத்திரமா வச்சுக்குங்க" என்றார்கள். என்னைப் பன்மையில் அழைத்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். ஸலாம் சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்கள். பூந்தமல்லி செல்லும் 54ஆம் எண் பேருந்தைப் பிடிக்க இன்னும் ஒரு பேருந்து மாற வேண்டும். மூட்டையைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் துணியில் மண் படும்.

அன்று இரவு நான் வீடு திரும்பியபோது, அம்மாவிடம் எனக்குச் சோறு போடச் சொன்னார்கள். கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டார்கள். கட்டிவிட்டேன் என்றேன். அவ்வளவுதான். 2009இல் அவர்கள் வஃபாத்தாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து வந்ததில்லை. மன்னிப்புக் கேட்கப் 11 ஆண்டுகள் எனக்கு அவகாசம் இருந்தது. நாளை, நாளை என்று நான்தான் தள்ளினேன்.

தன் ஆடையும் காலணியும் அழகாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவது பெருமையில் சேருமா என்று தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட செய்தியை மதரஸாவில் பலமுறை நான் ஓதிக்கொடுத்திருக்கிறேன். அழகை விரும்புவது பெருமையன்று, உண்மையை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்பது அதன் கருத்து. அந்த இடம் வரும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தணிந்துவிடும். பிள்ளைகள் கவனித்ததில்லை.

ஆகவே வாசகர்களே, கைப்பேசியில் துணி தேடும் நம் பிள்ளைகளை நோக்கி நான் கல்லெறியப் போவதில்லை. ரூ.649 என்ற விலையில் யாருடைய கூலி குறைந்திருக்கிறது என்று அவர்கள் கேட்க வேண்டும் என்று மட்டும் விரும்புகிறேன். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேலை நாட்டுக் கடைகளுக்கு மலிவு உடை தைத்த பெண்கள்; நம் சகோதரிகள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

மீண்டும் எங்கள் வீட்டுக்கு. அலமாரியின் அடித்தட்டில் அத்தாவின் கைலி ஒன்று இருக்கிறது. அதை எடுத்து மகனிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தான், இரு பக்கமும் ஒரே நீலம். அப்போதுதான் 1998இன் கதையை முதல்முறையாக அவனிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "விருந்துக்கு இதைக் கட்டிட்டுப் போகட்டுமா அத்தா?" என்று கேட்டான்.

மறுத்துவிட்டேன். நாலு பேர் வேடிக்கை உடை என்று படம் எடுத்துச் சிரிப்பதற்கு என் அத்தாவின் கைலி கிடையாது என்றேன். குரலும் உயர்ந்திருக்க வேண்டும். அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தார்.

"யாரும் சிரிக்க மாட்டாங்க அத்தா. நீங்கதான் இன்னும் வெட்கப்படுறீங்க" என்று கூறிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இரண்டு நாள் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளை வரம்பு மீறிப் பேசிவிட்டான் என்ற கோபம் முதல் நாள். இரண்டாம் நாள் கோபம் இல்லை. அவன் சொன்னது சரியா என்ற கேள்விதான் இருந்தது. 27 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கைலியை நண்பர்கள் பார்த்துவிடக் கூடாது என்று தவித்தேன். இப்போதும் அதையேதான் செய்கிறேனோ? மரியாதை என்ற பெயரில் அலமாரியின் அடித்தட்டில் வைப்பதும் ஒளித்து வைப்பதுதானே?

சனிக்கிழமை லுஹர் தொழுதபின் கைலியை நானே இஸ்திரி போட்டு அவன் கட்டிலில் வைத்தேன். அச்சுக் கட்டச் சட்டையைத் திரும்ப வாங்கிச் செல்ல அதே பழைய மாணவன் முந்தைய நாளே வந்துபோயிருந்தான்.

மகனுக்குக் கைலி இடுப்பில் நிற்கவில்லை. காற்சட்டையிலேயே வளர்ந்தவன். இழுத்து, வலப்புறம் மடித்து, இடப்புறம் கொண்டுவந்து, மேல் விளிம்பை உருட்டி இறுக்கிக் கட்டிக் காட்டினேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டான். நெடுஞ்சாலைவரை அவனுடன் நடந்தேன்.

இரவு பத்தரைக்குத் திரும்பினான். பரிசு வேறு யாருக்கோ கிடைத்ததாம். விருந்தில் பலர் கைலியைத் தொட்டுப் பார்த்தார்களாம். ஒரு பெண் வடிவமைப்பாளர் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தாராம். திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர், "இது எந்த ஊர்க் கைலி தம்பி? இப்பல்லாம் இந்த நெசவு கிடைக்கிறதில்லையே" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க தாத்தாவோடது. அவங்க கைலி வியாபாரி. கோடவுன் தெருக் கைலின்னு சொன்னேன் அத்தா" என்றான்.

கோடவுன் தெருவில் வாங்கியதுதான், நெய்தது குறிஞ்சிப்பாடியில். காலையில் திருத்திக்கொள்ளலாம் என்று அவனைத் தூங்கப் போகச் சொன்னேன்.